அத்தியாயம் 7: பல பட்டறைகள், ஒரு புதிய பொருள்

கோவையை அடுத்த சூலூர் வட்டாரத்தில் ஒரு பம்ப்செட்டை முழுதாக ஒரே கூரைக்கடியில் செய்து முடிக்கிற சிறு நிறுவனம் அபூர்வம். பேட்டர்ன் ஒருவர் செய்கிறார், வார்ப்பு வேறொரு பவுண்டரியில் நடக்கிறது. கேசிங்கைக் கடைந்து துளையிட ஒரு லேத் பட்டறை, ஷாப்ட் கிரைண்டிங்குக்கு இன்னொன்று. ஸ்டாம்பிங் வெளியிலிருந்து வருகிறது. வைண்டிங் வீட்டோடு ஒட்டிய ஒரு சின்னக் கூடத்தில் நடக்கிறது. கடைசியில் எல்லாவற்றையும் பூட்டி, பெயிண்ட் அடித்து, பெயர்த்தகடு வைப்பவர்தான் சந்தைக்குத் தெரிந்தவர்.

ஏற்கெனவே பழகிய பொருளைச் செய்வதற்கு இந்த ஏற்பாடு மிக நன்றாக வேலை செய்கிறது. எண்ணிக்கை, விலை, தேதி மூன்றையும் போனில் சொன்னால் போதும், மீதி எல்லோருக்கும் தெரியும். புதிய பொருள் என்று வரும்போதுதான் தடுமாற்றம். அப்போது விலை தெரியாது, எத்தனை முறை வார்க்க வேண்டியிருக்கும் என்று தெரியாது, கடைசியில் ஓடுமா என்பதும் தெரியாது. தெரியாத ஒன்றைப் பத்துப் பட்டறைகள் சேர்ந்து, அவற்றில் எவருமே மற்றவருக்கு முதலாளியாக இல்லாத நிலையில், எப்படிச் செய்து முடிப்பது? இந்த அத்தியாயம் அதைப் பற்றியது. சொந்தப் பெயரில் பொருள் விற்பவருக்கும், ஜாப் ஒர்க் மட்டும் செய்பவருக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

இந்த வட்டாரத்துக்கு இது புதிய வேலையும் இல்லை. 1930-களில் பைகாரா மின்சாரம் கோவைக்கு வந்தபின் பஞ்சாலைகள் பெருகின. ஆலைகளுக்கு உதிரிப் பாகம் வேண்டியிருந்தது, ஆழ்கிணற்று விவசாயிக்கு மோட்டார் வேண்டியிருந்தது. சூலூரை அடுத்த கலங்கலில் 1893-ல் பிறந்த ஜி.டி.நாயுடுவும், பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கிய டி.பாலசுந்தரமும் 1937-ல் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்தார்கள். பெரிய ஆலைகளிலும் தொழிற்கூடங்களிலும் கைவேலை பழகியவர்கள் வெளியே வந்து ஒரு லேத்தோடு தனிப் பட்டறை போட்டார்கள். முதலில் வேலை கொடுத்த இடமே அவர்களுக்கு முதல் வாடிக்கையாளர் ஆனது. கோவையின் ஜாப் ஆர்டர் வலை பெருமளவு இப்படித்தான் பின்னப்பட்டது.

வெட் கிரைண்டரின் கதையை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 1955-ல் பி.சபாபதி மின்சாரத்தில் ஓடும் மாவரைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். அதற்குப் பிறகு அந்தப் பொருளில் வந்த மாற்றங்கள் பல கைகளிலிருந்து வந்தவை. கல் ஊத்துக்குளிப் பக்கத்திலிருந்து வந்தது. டிரம், மோட்டார், உடல்பகுதி ஒவ்வொன்றையும் தனித்தனிப் பட்டறைகள் திருத்திக்கொண்டே போயின. சாய்த்து மாவை எடுக்கும் டில்டிங் கிரைண்டர் வந்தது, பின்பு சமையல் மேடையில் வைக்கிற டேபிள்டாப் வந்தது. இன்று ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ புவிசார் குறியீடு பெற்ற பெயர். அந்தக் குறியீட்டை வாங்கியதும் தனி நிறுவனம் அல்ல, தயாரிப்பாளர்களின் சங்கம்தான்.

சோதனைக்குக் கூலி உண்டு என்று முதலில் எழுதுங்கள்

பல பட்டறைகள் சேர்ந்து செய்யும் புது முயற்சிகள் கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: முதல் சாம்பிளின் செலவு. நம் பக்கத்தில் வழக்கம் என்ன? “ஒரு பீஸ் போட்டுக் கொடுங்கண்ணா, ஓகே ஆச்சுன்னா மாசம் ஐந்நூறு வரும்” என்று சொல்லி சாம்பிளை இலவசமாக வாங்குவது. பட்டறைக்காரர் நடப்பு வேலையை நிறுத்தி, மெஷினில் புது செட்டிங் போட்டு, இரண்டு நாள் செலவழித்துச் செய்து கொடுக்கிறார். ஓகே ஆனதும், அதே சாம்பிள் இரண்டு ரூபாய் குறைவாகச் செய்யும் வேறொரு பட்டறையின் மேசைக்குப் போகிறது.

இது ஒரு தடவை நடந்தால் போதும். அடுத்த தடவை அவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்ல மாட்டார். “டிராயிங்ல என்ன இருக்கோ அதைச் செய்யறேனுங்க” என்று நிறுத்திக்கொள்வார். டிராயிங்கில் தப்பு இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கும். இருந்தும் வாய் திறக்க மாட்டார். புது யோசனைகள் கீழிருந்து மேலே வரும் பாதை அங்கே அடைபடுகிறது. கோவைத் தொழிலின் உண்மையான மூலதனம் அந்தப் பாதைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பேட்டர்ன் செய்பவருக்கும், மோல்டிங் போடுபவருக்கும், முப்பது வருடம் லேத்தில் நின்றவருக்கும் தெரிந்தவை எந்த டிராயிங்கிலும் இருப்பதில்லை.

ஆகவே வேலை தொடங்கும் முன் ஒரு சோதனைக் கணக்கு திறக்க வேண்டும். வங்கிக் கணக்கு என்று சொல்லவில்லை, ஒரு நோட்டும் எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு பக்க ஒப்பந்தமும் போதும். அதில் சோதனை வேலைக்கு ஒவ்வொரு பட்டறைக்கும் மணிக்கணக்கில் என்ன கூலி என்று இருக்க வேண்டும். அது வழக்கமான மெஷின் கூலியைவிடக் குறைவாக இருக்கலாம், பூச்சியமாக இருக்கக் கூடாது. எத்தனை சுற்று முயற்சி, மொத்தம் எவ்வளவு ரூபாய்க்கு மேல் போனால் நிறுத்தி உட்கார்ந்து பேசுவது என்பதும் இருக்க வேண்டும்.

பீஸ் கெட்டால் யார் பொறுப்பு என்பதையும் முன்பே பிரித்துவிடுங்கள். டிராயிங்கை மாற்றியதால் வீணான காஸ்டிங் பெயர்த்தகடு வைப்பவரின் கணக்கில் போகட்டும். ப்ளோஹோல், மணல் ஒட்டல் போன்ற வார்ப்புக் கோளாறு பவுண்டரியின் கணக்கில். கடையும்போது அளவு தவறினால் லேத் பட்டறையின் கணக்கில். எந்தப் பக்கமும் சேர்க்க முடியாத நட்டம் ஒவ்வொரு புது முயற்சியிலும் நிச்சயம் வரும். அதை முழுதாகப் பெயர்த்தகடு வைப்பவரே ஏற்பதுதான் நியாயம், ஏனென்றால் பொருள் வென்றால் பெயர் அவருக்குத்தான் போகிறது.

அதோடு, சோதனையில் கைகோத்தவருக்கு முதல் ஒரு வருட ஆர்டரை உறுதி செய்யுங்கள். வெளியில் யாராவது குறைந்த விலை சொன்னால், அந்த விலைக்கு இறங்கிவர முதல் வாய்ப்பு அவருக்கே என்று எழுதுங்கள். ஒரு பட்டறைக்காரர் சொன்ன யோசனையால் பீஸுக்கு ஐந்து ரூபாய் மிச்சமானால், முதல் வருடம் பாதியை அவருக்குக் கொடுங்கள். கணக்குப் பார்த்தால் சிறு தொகைதான். அடுத்த யோசனை அவரிடமிருந்து தானாக வரும்.

கூலியைப் பேசும்போது சட்டம் உங்கள் பக்கம் இருப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2006-ஆம் ஆண்டின் நுண், சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி நுண், சிறு நிறுவனங்களுக்குரிய தொகையை எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள்ளும் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. வருமான வரிச் சட்டப்படியும், காலத்தில் கொடுக்காத பாக்கியை அந்த ஆண்டின் செலவாக வாங்குபவர் காட்ட முடியாது. ஆடிட்டர்கள் இப்போது வாங்குபவரை நெருக்குவது இதனால்தான். இவற்றின் பலன் கிடைக்க உதயம் பதிவு இருக்க வேண்டும், பில்லில் அந்த எண்ணைப் போடுவது நல்லது. ஜாப் ஒர்க் செய்யும் பல சின்னப் பட்டறைகளில் பதிவு இருக்கிறது, பில்லில் எண் இல்லை.

சோமனூரில் பார்க்க வேண்டியது

சோதனைக்குக் கூலி இல்லாத, யோசனைக்கு இடமில்லாத வலை என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். இதே சூலூர் வட்டத்தில் சோமனூர் இருக்கிறது. அங்கும் பல்லடத்திலும் விசைத்தறிக்காரர் பெரும்பாலும் கூலிக்கு நெய்கிறார். ஜவுளி உற்பத்தியாளர் பாவும் நூலும் கொடுக்கிறார், எந்தத் துணி என்பதையும் அவரே முடிவு செய்கிறார். தறிக்காரருக்குக் கூலி மட்டும். கூலியை ஒப்பந்தமாகப் பேசி முடிப்பதும், அது நடைமுறைக்கு வராமல் போவதும், மறுபடி போராட்டமும் என்று ஆண்டுகள் கழிகின்றன. 2022-லும் 2025-லும் கோவை, திருப்பூர் மாவட்டத் தறிகள் கூலி உயர்வுக்காக வாரக்கணக்கில் நின்றன.

அங்கே இருப்பவர்கள் தொழில்நுட்பத்தில் குறைந்தவர்கள் இல்லை. பழைய தறியை ஓட வைப்பதில் அவர்களுக்கு இருக்கும் கைத்திறனை நான் வியந்து பார்த்திருக்கிறேன். புதுத் துணி ஒன்றை முயன்று பார்ப்பதில் கிடைக்கும் லாபத்தில் அவர்களுக்குப் பங்கில்லை, நட்டத்தில் மட்டும் பங்குண்டு. அப்படியொரு ஏற்பாட்டில் ஒருவர் ஏன் முயன்று பார்க்க வேண்டும்? உங்கள் பொறியியல் வலையைக் கட்டும்போது இந்தக் கேள்வியை ஒவ்வொரு பட்டறையின் இடத்திலும் நின்று கேட்டுப் பாருங்கள்.

டிராயிங் ஓரிடத்தில் மட்டும்

கூலிக்கு அடுத்தது டிராயிங். புது முயற்சியில் டிராயிங் வாரத்துக்கு இரண்டு முறை மாறும். முதல் டிராயிங் வாட்ஸ்அப்பில் பவுண்டரிக்குப் போயிருக்கும், திருத்தியது லேத்துக்குப் போயிருக்கும். பேட்டர்ன் செய்பவர் கையில் காகிதத்தில் பேனாவால் திருத்திய மூன்றாவது ஒன்று இருக்கும். மூன்றும் சரியாகச் செய்யப்பட்டு வந்து, ஒன்றோடொன்று சேராது. யார் மேலும் குற்றம் சொல்ல முடியாத இந்த நட்டம்தான் அதிகம்.

வழி எளிது, கடைப்பிடிப்பதுதான் சிரமம். டிராயிங்கை மாற்றும் உரிமை ஒரே ஆளுக்கு. அவர் முதலாளியாக இருக்க வேண்டியதில்லை. மெஷினில் நின்ற அனுபவமும் கணினியில் வரையத் தெரிந்த கையும் இருக்கிற ஆளாக இருந்தால் சிறப்பு. ஒவ்வொரு டிராயிங்கின் மூலையிலும் ஏ, பி, சி என்று திருத்த எழுத்தும் தேதியும் பெரிதாக இருக்கட்டும். புதியது கொடுக்கும்போது பழைய தாளைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்புவது தப்பில்லை. திருத்த எழுத்தைப் பார்த்து “சி வந்துருச்சுங்க, பி-யை அழிச்சுட்டேன்” என்று பட்டறைக்காரர் பதில் போடும்வரை அது போய்ச் சேர்ந்ததாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

ஒன்றோடொன்று சேரும் இடங்களின் அளவுகளை, அதாவது இரு பட்டறைகளின் வேலை சந்திக்கும் துளைகள், விட்டங்கள், முகங்கள் ஆகியவற்றை, டிராயிங்கில் வட்டமிட்டுக் காட்டுங்கள். அந்த அளவுகளை எல்லோரும் கூடிப் பேசாமல் மாற்றக் கூடாது. மற்ற அளவுகளில் பட்டறைக்காரருக்குத் தாராளமாக விட்டுக் கொடுக்கலாம். அந்த முக்கிய அளவுகளுக்கு ஒரே கேஜ் ஜோடி செய்து இரண்டு பட்டறைக்கும் கொடுங்கள். ஒருவருடைய வெர்னியரும் இன்னொருவருடைய வெர்னியரும் ஒத்துப்போகாததால் வந்த சண்டைகள் எண்ணில் அடங்காது.

அளவோடு காரணத்தையும் கொடுங்கள்

ஓர் இம்பெல்லரை எடுத்துக்கொள்வோம். திறனைக் கூட்டுவதற்காக வேனின் கனத்தை 4 மில்லிமீட்டரிலிருந்து 3-ஆகக் குறைக்கிறீர்கள். டிராயிங் மட்டும் பவுண்டரிக்குப் போனால், உருக்கிய இரும்பு மெல்லிய இடத்தை நிரப்பும் முன்பே இறுகி, வேனின் முனை முழுமையாகாமல் வரும். மறுபடி வார்ப்பார்கள், மறுபடி அப்படியே வரும். கடைசியில் “இது வராதுங்க” என்பார்கள்.

கனத்தைக் குறைப்பதன் காரணத்தையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். “தண்ணி நுழையற எடத்துல வழி அகலமா வேணும், அதுக்குத்தான் மெலிசாக்கறோம்” என்றால், பேட்டர்ன் செய்பவர் யோசிப்பார். “நுழையற முனையில மட்டும் மெலிசா வெச்சுட்டு, அடியில கனமாவே விட்டரலாமுங்களே” என்பார். கேட் வைக்கும் இடத்தை மாற்றினால் இரும்பு சூடாகவே அந்த முனைக்குப் போய்ச் சேரும் என்று மோல்டர் சொல்வார். அளவை மட்டும் கொடுத்தால் அவர் கைகள் மட்டுமே உங்களுக்குக் கிடைக்கும், காரணம் தெரிந்தால் மூளையும் சேர்ந்து கிடைக்கும்.

அதற்காக எல்லாப் பட்டறைக்கும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்றில்லை. வாஷர் வெட்டித் தருபவருக்கு முழு அசெம்பிளி தேவையில்லை. பேட்டர்ன், பவுண்டரி, முக்கியமான மெஷினிங், வைண்டிங் ஆகிய நான்கு இடங்களுக்கு முழு டிராயிங்கைக் காட்டுங்கள் என்பது என் கருத்து. “அதே பவுண்டரி என் போட்டிக்காரருக்கும் வார்க்கிறதே” என்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன். பொருள் சந்தைக்கு வந்த மறுவாரம் போட்டிக்காரர் ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்க்கப் போகிறார். நீங்கள் மறைத்து வைத்தது அந்த ஒரு வாரம்வரைதான் நிற்கும். மறைத்ததால் கெட்ட காஸ்டிங்குகளின் செலவு அதைவிடப் பெரிது.

சாம்பிள் நிலையில் டிராயிங் ஆள் வாரம் ஒரு முறையாவது ஒவ்வொரு பட்டறைக்கும் நேரில் போக வேண்டும். எல்லோரையும் ஓரிடத்துக்கு வரச்சொல்லிக் கூட்டம் போடுவதைவிட இது மேல். கூட்டத்தில் பட்டறைக்காரர் பேசமாட்டார். தன் மெஷின் பக்கத்தில் நின்றால், பீஸைக் கையில் எடுத்துத் திருப்பிக் காட்டிப் பேசுவார். வார்ப்பை உடைத்துப் பார்க்கும் நேரத்தில் பவுண்டரியில் இருங்கள். உடைந்த இடத்தின் நிறத்தையும் மணியையும் பார்த்து மோல்டர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஜப்பானில் ஒரு தீ

இதற்கெல்லாம் உச்சமான உதாரணம் ஜப்பானில் நடந்தது. 1997 பிப்ரவரி 1 அதிகாலை, கரியா ஊரில் உள்ள அய்சின் நிறுவனத்தின் ஆலை தீப்பிடித்தது. டொயோட்டா கார்களின் பிரேக்கில் அழுத்தத்தைச் சீராக்கும் சிறு வால்வை ஏறத்தாழ முழுவதுமாக அந்த ஒரே ஆலைதான் செய்து கொடுத்தது. டொயோட்டா கையிருப்பு வைக்கும் பழக்கமில்லாத நிறுவனம். ஜப்பானில் அதன் கார் ஆலைகள் ஒவ்வொன்றாக நின்றன.

தீ அணைந்த கையோடு அய்சின் அந்த வால்வுகளின் டிராயிங்குகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது. சுமார் 200 நிறுவனங்கள் வேலையில் இறங்கின. கார் பாகமே செய்திராத, தையல் இயந்திரம் செய்யும் பிரதர் நிறுவனமும் அதில் ஒன்று. சிறப்புக் கருவிகள் தீயில் போய்விட்டதால், ஒவ்வொருவரும் தம்மிடம் இருந்த சாதாரண மெஷினிலேயே அந்த வால்வைச் செய்யும் வழியைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். டிராயிங் ஒன்றாகவும் செய்முறை பலவாகவும் இருந்தது. விலை பேச யாரும் நிற்கவில்லை. செலவை அய்சின் பின்னர் ஈடுகட்டியது. ஒரு வாரத்துக்குள் ஆலைகள் மீண்டும் ஓடத் தொடங்கின.

இதைப் படிப்பவர்கள் அந்த நாட்களின் வேகத்தைத்தான் பேசுவார்கள். நாம் பார்க்க வேண்டியவை அதற்கு முந்தைய ஆண்டுகள். டொயோட்டாவும் அதன் சப்ளையர்களும் பல காலமாக ஒருவர் ஆலைக்கு ஒருவர் போய், சிக்கல்களைச் சேர்ந்து தீர்த்துப் பழகியவர்கள். செய்த வேலைக்குக் கூலி வராமல் போகாது என்று அவர்களுக்குத் தெரியும். விலை பேசாமல் வேலையைத் தொடங்க அவர்களால் முடிந்தது அதனால்தான்.

போட்டியாளரோடு எதைப் பகிர்வது

உங்களால் தனியாக வாங்க முடியாத கருவிகளும், தனியாகத் தெரிந்துகொள்ள முடியாத தகவல்களும் உண்டு. இவற்றில் போட்டியாளரும் நீங்களும் ஒரே பக்கம்தான். கோவையில் இதற்கு நீண்ட பழக்கம் இருக்கிறது. 1956-ல் பஞ்சாலைகள் சேர்ந்து உருவாக்கிய ஆய்வு நிறுவனமான சிட்ரா, ஒன்றோடொன்று போட்டியிடும் மில்களிடமிருந்தே நூலின் தரம், உற்பத்தித் திறன், செலவு விவரங்களை வாங்கி, எந்த மில் என்று வெளியே தெரியாமல் ஒப்பிட்டுத் திருப்பிக் கொடுக்கிறது. தன் மில் மற்றவற்றைவிட எங்கே பின்தங்கியிருக்கிறது என்பது உரிமையாளருக்குத் தெரியும். அவருடைய ரகசியம் பக்கத்து மில்லுக்குத் தெரியாது. பம்ப் தயாரிப்பாளர்களும் பவுண்டரிக்காரர்களும் ரிஜெக்‌ஷன் விகிதம், மின்செலவு போன்றவற்றில் இப்படியொரு ஒப்பீட்டைத் தங்களுக்குள் தொடங்கினால் எவ்வளவோ பயன்.

கருவிப் பக்கத்தில், பொறியியல் தயாரிப்பாளர்களின் சங்கமான சீமா நடத்தும் சி’டார்க் ஆய்வகம் பம்ப், மோட்டார் சோதனைக்கும் கருவிகளைச் சரிபார்க்கவும் இருக்கிறது. மத்திய அரசின் தொழில் உள்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டத்தில் உருவான கோஇந்தியா, பம்ப், மோட்டார், பவுண்டரித் தொழில்களுக்குப் பொது வசதிகள் வைத்திருக்கிறது. புது பம்ப் முதலில் ஓடியவுடன் உங்கள் இடத்திலேயே எடுத்த அளவை நம்பி மகிழ வேண்டாம். நீர்மூழ்கி பம்ப்செட்டுக்கான ஐ.எஸ். 8034, ஓபன்வெல் சப்மெர்சிபிளுக்கான ஐ.எஸ். 14220 போன்ற தரநிலைகளின்படி வெளி ஆய்வகத்தில் சோதித்த தாள் கையில் வந்தபின், எந்தப் பட்டறையின் வேலையைத் திருத்த வேண்டும் என்ற பேச்சைத் தொடங்குங்கள். அந்தத் தாள் வந்துவிட்டால் குரல் உயர்த்தத் தேவையிருக்காது. 1969-ல் தொடங்கிய சிறு தொழில்களின் சங்கமான கொடிசியா, சூலூர் பக்கமே கள்ளப்பாளையத்திலும் மோப்பிரிபாளையத்திலும் தொழிற்பூங்கா அமைத்திருக்கிறது. பட்டறைகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் நாள் கணக்கில் மிச்சமாவது, முன்பு சொன்ன வாராந்தர நடையில்தான் முதலில் தெரியும்.

யாருக்குச் சொந்தம்

பேட்டர்னுக்கும் டைக்கும் காசு கொடுத்தவர் யாரோ அவருக்கே அவை சொந்தம். அதை பேட்டர்ன் மேலேயே பெயரும் எண்ணும் பொறித்துக் காட்டுங்கள். பவுண்டரிக்கு அனுப்பும்போது டெலிவரி சலான் போடுங்கள். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143-ஆம் பிரிவின்படி ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும். அச்சு, டை, ஜிக், பிக்ஸ்சர், கருவிகளுக்கு அந்தக் கெடு இல்லை. கெடு இல்லாததால்தான் அவை பவுண்டரியின் மூலையில் வருடக்கணக்கில் கிடந்து, யாருடையது என்றே தெரியாமல் போகின்றன. வருடம் ஒருமுறை பட்டியல் எடுத்து இருவரும் கையெழுத்திடுங்கள்.

யோசனையின் உரிமை இன்னும் நுட்பமானது. இரண்டு பேர் சேர்ந்து காப்புரிமை வாங்கினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு இருவருக்கும் சமபங்கு தருகிறது. பங்காளிகளின் கூட்டுக் கிணற்றைப் போல: ஒவ்வொருவரும் தம் தோட்டத்துக்கு இறைத்துக்கொள்ளலாம், அதற்கு மற்றவருக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. மற்றவர் சம்மதமில்லாமல் வெளியாருக்கு உரிமம் கொடுக்கவோ தம் பங்கை விற்கவோ முடியாது. பெயர்த்தகடு வைப்பவரும் பவுண்டரியும் கூட்டாக வாங்கினால், பவுண்டரி நாளை சொந்தமாகப் பம்ப் செய்யத் தடையில்லை என்று அர்த்தம். அது இருவருக்கும் சம்மதம்தானா என்று விண்ணப்பத்துக்கு முன்பே பேசி எழுதிவிடுங்கள். உறவும் நட்பும் இருக்கிற இடத்தில் இதை எழுதக் கூச்சப்படுவார்கள். அங்கேதான் அவசியம் எழுத வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. கண்காட்சி ஸ்டாலில் புதுப் பொருளை வைத்துவிட்டுப் பிறகு காப்புரிமைக்குப் போனால், அது ஏற்கெனவே வெளியே வந்த பொருள் என்று விண்ணப்பம் தள்ளுபடியாகும் ஆபத்து உண்டு. கொடிசியா வளாகத்தில் அக்ரி இண்டெக்ஸ் வருகிறதென்றால், அதற்கு முன்பே தற்காலிக விண்ணப்பம் போட்டுவிடுங்கள். முழு விவரம் கொடுக்க 12 மாதம் அவகாசம் கிடைக்கும். சிறு நிறுவனங்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. வெளித்தோற்றம் மட்டும் புதிது என்றால் 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப் பதிவு போதும். அது 10 வருடம், நீட்டித்தால் மேலும் 5 வருடம்.

விமானத் தளத்தின் பக்கம்

சூலூர் விமானப்படைத் தளத்தில் தேஜஸ் விமானங்களின் முதல் இரண்டு படைப்பிரிவுகள் அமைந்தன: 2018-ல் பெங்களூரிலிருந்து வந்த 45-ஆம் பிரிவு, 2020 மே மாதம் இங்கேயே தேஜஸுடன் எழுந்த 18-ஆம் பிரிவு. அந்த விமானத்தின் இறக்கைகளைக் கோவையில் எல் அண்ட் டி பூட்டிக் கொடுக்கிறது. உடல்பகுதியின் துண்டுகள் பெங்களூரு, ஹைதராபாத் நிறுவனங்களில் தயாராகி, எச்.ஏ.எல். ஆலையில் ஒன்றாகின்றன. வெவ்வேறு ஊர்களில் பூட்டிய இறக்கையும் உடலும் சந்திக்கும் அந்தத் துளைகள், நாம் மேலே வட்டமிடச் சொன்ன அளவுகளின் பெரிய வடிவம்தான்.

தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் கோவையும் ஒன்று. கொடிசியாவின் பாதுகாப்புப் புத்தாக்க மையம் இந்தப் பக்கம் வர நினைக்கும் சிறு நிறுவனங்களுக்கு வழி சொல்கிறது. பாதுகாப்புத் துறைப் புத்தாக்கத்துக்காக 2018-ல் தொடங்கிய ஐடெக்ஸ் திட்டத்தில் மானியம் உண்டு, ஈடாக உங்கள் பங்கும் போட வேண்டும். ஆசையோடு இறங்குபவர்கள் ஒன்றை மனத்தில் வையுங்கள். அந்தத் துறையில் ஒவ்வொரு பீஸும் எந்த இரும்புக் கட்டியிலிருந்து வந்தது, எந்த மெஷினில் யார் கடைந்தது என்பதற்கு ஆண்டுகள் கழித்தும் காகிதம் காட்ட வேண்டியிருக்கும். உங்கள் வலையில் உள்ள பட்டறைகளில் ஒன்று அந்தப் பழக்கத்துக்கு வராவிட்டாலும் மொத்தப் பொருளும் நிற்கும். ஒரு வருடம் உங்கள் பம்ப் வேலையிலேயே அப்படிக் காகிதம் வைத்துப் பழகிவிட்டுப் பிறகு விண்ணப்பம் போடுங்கள்.

பிரியும்போது

எந்த வலையும் அப்படியே நிலைக்காது. ஒருவர் பெரிய ஆர்டர் வந்து விலகுவார், இன்னொருவர் சொந்தப் பெயரில் பொருள் தொடங்குவார். கோவையில் அது இயல்பு, வருத்தப்பட ஒன்றுமில்லை. தொடக்க ஒப்பந்தத்திலேயே மூன்று மாத முன்னறிவிப்பு என்று போடுங்கள். அந்த மூன்று மாதத்தில் பேட்டர்ன், கேஜ், ஜிக் எல்லாம் பட்டியல்படி திரும்பட்டும். நிலுவைக் கூலி முழுதும் முதலில் கைக்குப் போகட்டும், அதற்குப் பிறகு பேட்டர்னை எடுங்கள். விலகுபவர் சொன்ன யோசனைக்கான பங்கு ஒரு வருடம் முடியும்வரை தொடரட்டும். அடுத்து அந்த வேலையை எடுக்கும் பட்டறைக்காரரைப் பழையவரிடமே அரை நாள் அனுப்பி வையுங்கள், அந்த அரை நாளுக்கும் சோதனைக் கணக்கிலிருந்து பழையவருக்குக் கூலி கொடுங்கள்.